ஒரு சுற்று அறுத்தால் காருக்குப் பிடிமானம் வராது

காரைத் தாழ்த்துவது பற்றிச் சேலத்திலோ நாமக்கல்லிலோ பேச்செடுத்தால் அடுத்த வாக்கியமாக வந்து விழுவது இதுதான்: "ஸ்பிரிங்குல ஒரு சுத்து அறுத்துட்டாப் போதுங்க, வண்டி ரோட்டைக் கவ்விப் புடிச்சுக்கும்." ஸ்விஃப்ட்டா, போலோவா, ஐ20-ஆ என்ற கேள்வியே கிடையாது, எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம். கேட்கிறவர் இளைஞர், சொல்கிறவர் பட்டறையில் பத்து வருஷம் பழகியவர் என்பதால் சொன்ன சொல் அப்படியே செல்லுபடியாகிறது. கொண்டலாம்பட்டி பைபாஸிலிருந்து நாமக்கல் வரை சஸ்பென்ஷன் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமே இல்லை. லாரிக்குக் கமான் பட்டை மாற்றுகிறவர்களும் பாடி கட்டுகிறவர்களும் நிறைந்த ஊர்கள் இவை. இங்கேயே இந்த வார்த்தை ஓடுகிறது என்பதுதான் பொறுக்க முடியாததாக இருக்கிறது. ஸ்பிரிங் என்றால் என்னவென்று தெரியாத ஊரில் ஓடினால் மன்னிக்கலாம்.

சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு எதைப் பொறுத்தது என்பது பள்ளிக்கூடப் பாடம்தான். கம்பியின் தடிமன், சுருளின் அகலம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை, ஒரே எஃகு என்றால் இவ்வளவே. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். ஆறு சுற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது ஆறில் ஐந்து பங்குள்ள அதே ஸ்பிரிங் இல்லை. 20 சதவீதம் கூடுதல் விறைப்புள்ள வேறொரு ஸ்பிரிங். கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். முன் சக்கரம் ஒன்றின் மேல் 3,000 நியூட்டன் பாரம், அதாவது சுமார் 306 கிலோ. ஸ்பிரிங்கின் முழு நீளம் 350 மில்லிமீட்டர், விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். வண்டி நிற்கும்போது அது 150 அமுங்கி 200 மில்லிமீட்டரில் நிற்கும். 55 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள ஒரு சுற்றை அறுத்தால் நீளம் 295 ஆகும், விறைப்பு 24 ஆகும், அமுங்குவது 125 ஆகும். கடைசியில் 170-இல் நிற்கும். 55 அறுத்தும் கார் தாழ்ந்தது 30 மட்டுமே. "எதிர்பார்த்த அளவு எறங்கலை, இன்னும் அரைச் சுத்து எடு" என்று இரண்டாம் தடவை அறுப்பது இந்தக் கணக்குத் தெரியாததால் வருவது.

அறுத்துப்போட்ட அந்த 55 மில்லிமீட்டர் இல்லாமல், சக்கரம் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. விபத்து அங்கேதான் காத்திருக்கிறது. காரை ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும். ஷாக் அப்சார்பர் தன் முழு நீளத்துக்கு நீளும். அந்த நிலையிலும் ஸ்பிரிங் சற்று அமுங்கியபடியே மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் நடுவே இறுகி நிற்கும்படிதான் கம்பெனி வடிவமைத்திருக்கிறது. நம் மாதிரியில், முழுதும் நீண்ட நிலையில் தட்டுகளுக்கு இடையே 320 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். 350 நீள ஸ்பிரிங் அதில் 30 அமுங்கி இறுக்கமாக உட்காரும். அறுத்த ஸ்பிரிங்கின் நீளமே 295. சக்கரம் தொங்கும்போது 25 மில்லிமீட்டர் சும்மா ஆடும். வேகத்தடையின் மறுபக்கம் இறங்கும்போதோ, சாலையோரப் பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்கும்போதோ ஸ்பிரிங் தட்டை விட்டு விலகி, கொஞ்சம் திரும்பி, பழைய இடத்தில் அமராமல் உட்காரும். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது "டங்" என்று வரும் சத்தத்தை மேல் மவுண்ட் தேய்மானம் என்று சொல்லி மவுண்ட்டை மாற்றுகிறார்கள். சத்தம் போடுவது இடம் தவறிய ஸ்பிரிங்காகவும் இருக்கலாம் என்று தட்டைக் குனிந்து பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

மேலே போகும் பக்கம் இதைவிட மோசம். சக்கரம் மேலேறிப் பம்ப் ஸ்டாப்பில் முட்டுவதற்கு முன் 80 மில்லிமீட்டர் இடம் இருந்தது என்றால், 30 தாழ்ந்த பிறகு மிஞ்சுவது 50. பழைய ஸ்பிரிங் அந்த 80-இல் விழுங்கிய அதிர்வின் ஆற்றல் 64 ஜூல். அறுத்த ஸ்பிரிங் 20 சதவீதம் விறைத்தும் 50-இல் விழுங்குவது 30 ஜூல். பாதிகூட இல்லை. மிச்சத்தை யார் வாங்குவது? பம்ப் ஸ்டாப் ரப்பர், ஷாக் அப்சார்பர், மேல் மவுண்ட், அதற்கும் மேலே பாடியின் தகடு. பழைய அளவுக்குத் தாங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் இரண்டரை மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். அந்த வண்டியில் சேலத்திலிருந்து ராசிபுரம் வரை முதுகு தாங்காது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பாகமானாலும், தாழ்த்தும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் சக்கரத்தின் நடமாட்டத்திலிருந்து பிடுங்கியதுதான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஸ்பிரிங்கைக் கேஸ் சுடரால் வெட்டுவது பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அரிவாள் அடிக்கும் கொல்லரிடம் கேளுங்கள். லாரியின் கமான் பட்டையைப் பழுக்கக் காய்ச்சினால் அதன் முறுக்கு போய்விடும் என்பது அவருக்குக் கைப்பாடம். காய்ச்சி அடித்து, தண்ணீரில் தோய்ச்சல் போட்டு, மறுபடி பதமாகச் சூடு காட்டினால்தான் வாய் நிற்கும். அதே எஃகுக் குடும்பம்தான் காரின் சுருள் ஸ்பிரிங்கும். ஆலையில் நிறம் மாறும் அளவுக்குக் காய்ச்சி, எண்ணெயில் குளிர்வித்து, பிறகு 400 டிகிரியை ஒட்டிய சூட்டில் பதப்படுத்தி, மேற்பரப்பில் சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்து இறுக்கி அனுப்புகிறார்கள். அதன்மேல் 3,000 டிகிரி சுடரை வைத்தால், வெட்டிய இடத்தை ஒட்டிய பகுதியில் அந்தப் பதம் கலைந்துபோகிறது. மேச்சேரிக்குப் பக்கத்தில் பொட்டனேரியில் வாகன உதிரிபாகங்களுக்கென்றே சிறப்பு எஃகு உருவாகிறது. அந்த எஃகுக்கு இரண்டு நிமிடத்தில் இந்தக் கதி. "கேஸ் வைக்கலைங்க, டிஸ்க் கட்டர்லதான் அறுத்தோம்" என்பார்கள். சூடு குறைவு என்பது சரி, அந்த ஒரு குற்றச்சாட்டு பெருமளவு தணிகிறது. நீளம், விறைப்பு, ஆட்டம், முட்டல் ஆகிய நான்கும் அப்படியே இருக்கின்றன. கூடவே, தட்டில் படுத்து உட்காருவதற்கென்று மடக்கிய கடைசிச் சுற்று போய், கூர்முனையொன்று தட்டைக் குத்திக்கொண்டு நிற்கிறது.

இதற்கு வரும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. கம்பெனி விற்கும் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் குட்டையாக, விறைப்பாகத்தானே இருக்கிறது, அதுவும் இதுவும் ஒன்றுதானே? கைக்கு எடுத்து ஒருமுறை பார்த்தால் பதில் கிடைக்கும். ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற ஜெர்மன் தயாரிப்புகளில் பலவற்றிலும் ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கும். நெருக்கமான சுற்றுகள் மெத்தென்றவை; வண்டியின் பாரம் ஏறியதும் ஒன்றோடொன்று பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு வேலை செய்வது அகன்ற, விறைப்பான சுற்றுகள். சக்கரம் கீழே தொங்கும்போது அந்த மெத்தென்ற சுற்றுகள் விரிந்து இடைவெளியை நிரப்பி, ஸ்பிரிங்கைத் தட்டிலேயே பிடித்து வைக்கும். நாம் மேலே பார்த்த 25 மில்லிமீட்டர் ஆட்டத்துக்கான விடை அதுதான். கம்பியின் தடிமனையும் சுருளின் அகலத்தையும் முனையின் மடிப்பையும் அந்தக் காருக்கென்றே கணக்கிட்டுச் செய்கிறார்கள். அறுத்த ஸ்பிரிங்கில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இனி, "விறைப்பா இருந்தா ரோட்டைப் புடிக்கும்" என்ற நம்பிக்கை. இதை நாமக்கல்காரர்கள் நம்புவதுதான் வியப்பு, ஏனென்றால் மறுப்பு அவர்கள் கண்முன்னேயே ஓடிக்கொண்டிருக்கிறது. காலி லாரியைப் பாருங்கள். பத்து, பதினைந்து டன்னுக்கென்று அடுக்கிய பட்டைகள், மேலே பாரம் இல்லை. சின்னப் பள்ளத்துக்கே பின்பக்கம் தூக்கிப் போடும், டயர் தரையை விட்டு எழும்பும், ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அதே லாரி பாரம் ஏற்றியதும் அமைதியாகப் போகும். பாரத்துக்கு மீறிய விறைப்பு பிடிமானத்தைக் கெடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எந்தப் பரிசோதனைக்கூடத்திலும் கிடைக்காது. பிடிமானம் என்பது டயர் தரையில் இடைவிடாமல் அழுந்தியிருப்பது. அதைச் செய்வது, மேடு பள்ளத்தைச் சக்கரம் தொடர்ந்து செல்ல விடும் ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை உடனே அடக்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து. ஸ்பிரிங் விறைத்தால் அதை அடக்கும் சக்தியும் கூட வேண்டும். பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைத்தால், 20 சதவீத விறைப்புக்கு அதன் பிடி ஒப்பீட்டளவில் சுமார் 9 சதவீதம் தளர்ந்துவிடும். 60,000 கிலோமீட்டர் ஓடி எண்ணெய் கசிந்த ஷாக் அப்சார்பர் என்றால் சொல்லவே வேண்டாம்.

"ரேஸ் கார் எல்லாம் தரையோட தரையாத்தானே இருக்கு?" இருக்கிறது. கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும், சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டை தடத்திலும் வேகத்தடை இல்லை, மாட்டு வண்டிப் பள்ளம் இல்லை, பின் சீட்டில் மூன்று பேர் இல்லை. அங்கே சக்கரம் கொஞ்சம் நடமாடினாலே போதும். நம்மூர் இளைஞர்கள் ஆசைப்படுவது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ஏற்காட்டின் 20 வளைவுகளுக்கும். அங்கே தாழ்த்துவதால் கிடைக்கும் லாபத்தைக் கணக்கிடலாம். 1,000 கிலோ கார், 12 மீட்டர் ஆரமுள்ள வளைவு, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம், சக்கர அகலம் ஒன்றரை மீட்டர். எடைமையம் 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் உள் சக்கரங்களிலிருந்து வெளிச் சக்கரங்களுக்கு மாறும் பாரம் சுமார் 96 கிலோ. மையத்தை 3 சென்டிமீட்டர் இறக்கினால் அது 91 கிலோ. மிச்சம் 5 கிலோ, ஒரு சிறு மாம்பழக் கூடையின் எடை. இதற்காகத்தான் காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே வரை சக்கரத்தின் நடமாட்டத்தை அடகு வைப்பதா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதைப் பட்டறைகளில் யாரும் சொல்வதில்லை. ஸ்விஃப்ட், போலோ, ஐ20 மூன்றுக்கும் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட்தான். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சன் வடிவமைத்து 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல் காரில் பரவிய அதே அமைப்பு. இதில் கீழ் ஆர்ம் பொதுவாக உள்ளிருந்து வெளியே சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். காரைத் தாழ்த்தினால் அது படுத்துவிடும். மேலும் தாழ்த்தினால் வெளிமுனை மேல்நோக்கிச் சாயும். வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, கார் தாழ்ந்ததைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். எடைமையத்துக்கும் அதற்கும் இடையே உள்ள தூரம் கூடும், நெம்புகோல் நீளும், கார் வளைவில் சாய்வதற்கான உந்துதலும் அதிகமாகும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறுவதால், சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் முன்சக்கரம் தானாகவே கொஞ்சம் திரும்பும். தாழ்த்திய பிறகு "ஸ்டீயரிங் ரொம்ப ஷார்ப்பா ஆயிடுச்சு" என்று மகிழ்கிறவர்களில் பலர் உணர்வது இந்தத் தடுமாற்றத்தைத்தான்.

"என் பிரண்டு ரெண்டு வருஷமா ஓட்டறான், ஒண்ணும் ஆகலையே" என்பது கடைசி அரண். உலோகத்தின் சோர்வு என்றால் என்னவென்று தெரிந்தவர் இந்த வாதத்தை வைக்க மாட்டார். நம் மாதிரி ஸ்பிரிங் அறுப்பதற்கு முன்பே நொடிக்குச் சுமார் 1.3 தடவை ஆடும் இயல்புள்ளது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அப்படி ஆடிக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 78 தடவை. 20,000 கிலோமீட்டருக்கு 15 லட்சத்துக்கு மேல். வெட்டிய கூர்முனை தட்டைச் சுரண்டிப் பெயிண்ட்டை எடுக்கும், அந்த இடத்தில் துரு பிடிக்கும், துருக்குழியிலிருந்து மயிரிழை விரிசல் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் அது கொஞ்சம் வளரும். உடையும் நாள் வரை வண்டி நன்றாகத்தான் ஓடும். இதுவரை உடையவில்லை என்பது உடையாது என்பதற்குச் சான்று ஆகாது.

சரி, ஆசை விடவில்லை, தாழ்த்தியே ஆக வேண்டும் என்றால் என்ன வாங்குவது? முதலில் டயர். நல்ல டயர் கொடுக்கும் பிடிமானத்தை எந்த ஸ்பிரிங்கும் கொடுக்காது. தேய்ந்த டயரோடு சஸ்பென்ஷன் கடைக்குப் போகிறவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்து, இருக்கிற லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராடு எல்லாம் ஆட்டமில்லாமல் இருக்கின்றனவா என்று பார்த்து மாற்றுங்கள். பாதிப் பேருக்கு ஆசை அத்தோடு தணிந்துவிடும், ஏனென்றால் கார் புதிதாக வந்தபோது இருந்த உறுதி திரும்பியிருக்கும். அதற்கும் பிறகு என்றால், அந்தக் கார் மாடலின் பெயர் எழுதிய தாழ்த்தும் ஸ்பிரிங், அதற்குப் பொருத்தமான சற்றுக் குட்டையான ஷாக் அப்சார்பர், குட்டையான பம்ப் ஸ்டாப், மூன்றையும் ஒரே தொகுதியாக வாங்குங்கள். அளவு 25 மில்லிமீட்டர், அதிகபட்சம் 30. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி ஷாக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தவணை முறையில் செய்யாதீர்கள். அந்த இடைக்காலத்திலேயே பழைய ஷாக் செத்துப்போகும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மல்லுக்கட்டத் தேவையில்லை. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வந்து, மரையால் உயரம் மாற்றும் காயில்ஓவர் போட்டால் எல்லாம் தீரும் என்பது பொய். மலிவான காயில்ஓவரில் மரையை இறக்க இறக்கச் சக்கரத்தின் இடமும் சேர்ந்தே இறங்குகிறது. உயரத்தைக் கீழ் பிராக்கெட்டில் தனியாக மாற்றும் வகையென்றால் ஷாக்கின் நடமாட்டம் காப்பாற்றப்படும், ஆனால் டயர் ஃபெண்டரில் உரசும் எல்லை அங்கேயும் உண்டு. தாழ்த்திய பிறகு அலைன்மென்ட் தேவையில்லை என்பது முழுப் பொய். சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவான டோ மாறியிருக்கும், டயரின் உட்புறம் மட்டும் சில ஆயிரம் கிலோமீட்டரில் மொட்டையாகிவிடும், மேலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. ஹெட்லைட்டின் கோணத்தையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். "ஆர்.டி.ஓ. கண்டுபிடிக்க மாட்டாங்க" என்பது சட்டத்துக்கு மறுமொழி ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் திருத்திய 182ஏ பிரிவின்படி, அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் குனிந்து பார்க்கும்போது அறுத்த முனை பளிச்சென்று தெரியும்.

தாழ்த்துகிறவரைத் திட்டிவிட்டுச் சாலையை விட்டுவிட முடியாது. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 99-ஆம் எண் வழிகாட்டுதல் 1988-லேயே வேகத்தடையின் வடிவத்தைச் சொல்லிவிட்டது: 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு, 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கு. 2.45 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள கார் இதன் நடுவில் நிற்கும்போது, மேடு வயிற்றுப்பக்கம் நீளுவது சுமார் 44 மில்லிமீட்டர்தான். ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். 30 தாழ்த்தினாலும் தாராளமாகக் கடக்கும். நம் ஊராட்சித் தெருக்களில் ஒரு மீட்டர் அகலத்தில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவித்து வைக்கும் மேட்டிலோ, முன்சக்கரமும் பின்சக்கரமும் சமதரையில் நிற்க, மேடு முழுதும் வயிற்றுக்குக் கீழே வந்துவிடும். கம்பெனி உயரத்திலேயே மிஞ்சுவது 13 மில்லிமீட்டர்; நான்கு பேர் ஏறினால் அதுவும் இல்லை. இதில் அடிபடுவது தாழ்த்திய கார் மட்டுமில்லை. பிரசவ வலியோடு ஆம்புலன்ஸில் போகிற பெண்ணும், முட்டைத் தட்டு அடுக்கிய வேனும், பின்னால் மனைவியை உட்காரவைத்து மொபெட் ஓட்டுகிற பெரியவரும் இதே மேட்டில்தான் ஏறி இறங்குகிறார்கள். சரியான வடிவத்துக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 3.7 மீட்டர் நீளத்தில், நடுவில் 10 சென்டிமீட்டர், நடுவிலிருந்து இருபுறமும் 92.5 சென்டிமீட்டர் தள்ளி 7.5 சென்டிமீட்டர், முனைகளில் பூஜ்யம் என்று வளைத்து வெட்டிய பிளைவுட் அச்சு ஒன்று போதும். தார் கொட்டும்போது அதை வைத்து இழுத்தால் மேடு தானாக வடிவத்துக்கு வரும். அப்படியோர் அச்சை வெட்டித்தர நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் தச்சர் ஒருவருக்கு ஒரு காலைப்பொழுது போதும்.